பிசினஸ் அனலிஸ்ட் ஆக எந்த வழியில் படிப்பது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பிசினஸ் அனலிஸ்ட் என்பவர், ஒரு நிறுவனத்துக்கு என்ன தேவை என்று கேட்டறிந்து, மென்பொருள் கட்டுபவர்களுக்குப் புரியும்படி எழுதித் தருபவர். அப்படி ஆகலாம் என்று முடிவெடுப்பது வரை பலருக்குச் சிக்கல் இல்லை. அடுத்த படியில்தான் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் சான்றிதழ் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், "சான்றிதழை யார் பார்க்கிறார்கள், முதலில் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். கற்றுக்கொள்" என்கிறார். மூன்றாமவர் பட்ட மேற்படிப்புதான் சரி என்கிறார். இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் சிலர் ஆறு மாதமாக வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சொந்தமாக ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை. அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

நான் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டராக இருந்து இந்த வேலைக்கு வந்தவன். அந்தச் சாய்வு கீழே தெரியும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

## எதைக் கற்கப் போகிறோம்?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இது தெளிவாக வேண்டும். என் அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

அனலிஸ்ட்டாக நான் எழுதிய முதல் சில ஆவணங்களில் ஒன்று, ஊழியர்களின் விடுப்பு விண்ணப்பத்துக்கானது. அதில் ஒரு வரி: "மேலாளர் ஒப்புதல் அளித்ததும் விடுப்பு பதிவாகும்." டெவலப்பர் அப்படியே கட்டினார். டெஸ்டிங்கில் எல்லாம் பச்சை. பயன்பாட்டுக்கு வந்த முதல் மாதமே ஒரு மேலாளர் நீண்ட விடுப்பில் போனார். அவருடைய குழுவின் விண்ணப்பங்கள் அத்தனையும் அவர் பெயரில் தேங்கி நின்றன. "ஒப்புதல் தர வேண்டியவரே விடுப்பில் இருந்தால்?" என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எழுதிய வாக்கியத்தில் தவறில்லை. கேட்காத கேள்விதான் தவறு.

இதே வகைப் பிழை பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவை ஓர் உதாரணம். 1992 அக்டோபர் 26-ஆம் தேதி, வண்டிகளை அனுப்பும் புதிய கணினி அமைப்பை அங்கே இயக்கத் தொடங்கினார்கள். எந்த வண்டி எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல் ஏறக்குறைய பிழையில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்ட அமைப்பு அது. தகவல் அப்படி வரவில்லை. அழைப்புகள் தேங்கின, தாமதங்கள் பெருகின, சில நாட்களில் மீண்டும் காகித முறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. வண்டியில் போகிறவர்களும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களும் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பது வடிவமைப்புக்குள் போதிய அளவு வந்து சேரவில்லை.

ஆக, கற்க வேண்டியவை மூன்று: சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்பது, கிடைத்த பதிலை டெவலப்பரும் டெஸ்டரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும்படி எழுதுவது அல்லது வரைவது, எழுதியதைக் கேட்டவரிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சரிபார்ப்பது. வேலைகளைப் பட்டியலிட்டுத் தொடரும் ஜிரா, எக்செல், வரைபட மென்பொருள் எல்லாம் இந்த மூன்றுக்கும் துணைக் கருவிகள். ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும்.

## அளவுகோல்கள்

எந்த வழியையும் நான் இந்த ஐந்து கேள்விகளால் அளப்பேன்.

- நிஜமான தேவையோடு இருக்கும் ஒரு மனிதரிடம் பேசும் வாய்ப்பு கிடைக்குமா?
- நான் எழுதியதை விஷயம் தெரிந்த ஒருவர் படித்துத் திருத்துவாரா?
- முடிவில் அடுத்தவரிடம் காட்ட என்ன இருக்கும்?
- எவ்வளவு நேரம் ஆகும்?
- பணம் எவ்வளவு? அதிலும், முதலில் சொல்லப்படாத செலவு எவ்வளவு?

இவற்றில் இரண்டாவதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். படிக்கப் பொருள் எங்கும் கொட்டிக்கிடக்கிறது. நாம் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, "இந்த வரிக்கு இரண்டு அர்த்தம் வருகிறதே" என்று சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை.

| வழி | நிஜ மனிதரோடு பேச்சு | திருத்துபவர் | காட்ட இருப்பது | நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| சுயபடிப்பு | நாமே தேடினால்தான் | இல்லை | நாம் எழுதிய மாதிரிகள் | நம் கையில். இழுத்துக்கொண்டே போகும் | திசை தெரியாமல் போகும் மாதங்கள் |
| சான்றிதழ்த் தேர்வு | பெரும்பாலும் இல்லை | இல்லை | சான்றிதழ் | சில மாதங்கள்; உயர்நிலைக்குப் பல ஆண்டு அனுபவம் | மறுதேர்வு, உறுப்பினர் கட்டணம், புதுப்பிப்பு |
| பயிற்சி வகுப்பு | நடிப்புப் பயிற்சியாக | ஆசிரியரைப் பொறுத்தது | வகுப்பில் செய்த திட்டம் | சில வாரம் முதல் சில மாதம் | எல்லாரிடமும் ஒரே மாதிரித் திட்டம் |
| பட்டப்படிப்பு | சில பாடங்களில் | உண்டு | பட்டம் | ஓராண்டு அல்லது அதற்கு மேல் | படிக்கும் காலத்தில் இழக்கும் சம்பளம் |
| இருக்கும் வேலையிலிருந்து நகர்வது | தினமும் | நல்ல மூத்தவர் இருந்தால் | செய்து முடித்த வேலை | கணிக்க முடியாது | இரட்டை வேலை, ஒரே இடத்துப் பழக்கங்கள் |

## சுயமாகப் படிப்பது

பணம் இல்லாமலே தரமான பொருள் கிடைக்கும் துறை இது. ரிக்வயர்மென்ட்ஸ் இன்ஜினியரிங்குக்காக (தேவைகளைத் திரட்டி எழுதிச் சரிபார்க்கும் துறை) 2006-இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட ஐ.ஆர்.இ.பி. என்ற அமைப்பு, தன் அடிப்படை நிலைப் பாடத்திட்டத்தையும் கலைச்சொல் தொகுப்பையும் இலவசமாகத் தரவிறக்க விட்டிருக்கிறது. மென்பொருளை வரைந்து காட்டும் யு.எம்.எல்., வேலைமுறையை வரைந்து காட்டும் பி.பி.எம்.என். ஆகிய வரைபட முறைகளின் முழு விதிமுறைகளும் இலவசம்தான். ஆனால் தொடக்கத்தில் அவற்றைத் திறக்காதீர்கள், மிரண்டுவிடுவீர்கள். பி.பி.எம்.என்.-இல் தொடக்கம், முடிவு, வேலை, கிளை பிரியும் இடம், யார் செய்கிறார் என்பதைக் காட்டும் தடம் என ஐந்து குறியீடுகள் போதும். பெரும்பாலான கூட்டங்களை அந்த ஐந்தை வைத்தே நடத்திவிடலாம்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் தெரிந்த ஒரு வேலைமுறையை வரைவது. அப்புறம் யூசர் ஸ்டோரியும் (பயனருக்கு என்ன வேண்டும், ஏன் என்று சொல்லும் ஒரு வாக்கியம்) அதற்கான ஏற்புநிலை விதிகளும் (அது சரியாக முடிந்தது என்று எப்போது ஏற்கலாம் என்பது). அப்புறம் தரவு: எந்தப் பொருளுக்கும் எந்தப் பொருளுக்கும் என்ன உறவு என்று பெட்டி, கோடு போட்டு வரைவது (பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த முறை இன்றும் பயன்படுகிறது), கூடவே எஸ்.க்யூ.எல்.-இல் தேர்ந்தெடுப்பது, இணைப்பது, தொகுப்பது ஆகிய மூன்று. தரவுத்தளத்தில் தானே போய்ப் பார்க்கத் தெரிந்த அனலிஸ்ட், "எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு முகவரிதான்" என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் அங்கேயே சரிபார்த்துவிடுவார்.

யூசர் ஸ்டோரிக்கு ஓர் எடுத்துக்காட்டு: "நூலக உறுப்பினராக, எடுத்த புத்தகத்தின் தவணையை இணையத்திலேயே நீட்டிக்க வேண்டும், அப்போது நேரில் வராமலே தாமதக் கட்டணத்தைத் தவிர்க்கலாம்." ஒரே வாக்கியம். இதிலிருந்து கேள்விகளை எழுதிப் பாருங்கள். எத்தனை முறை நீட்டிக்கலாம்? அதே புத்தகத்துக்கு வேறொருவர் காத்திருந்தால்? தவணை ஏற்கெனவே தாண்டியிருந்தால்? உறுப்பினர் காலமே அதற்குள் முடிந்துவிட்டால்? புதிய தேதி நூலகத்தின் விடுமுறை நாளில் விழுந்தால்? இப்படிப் பத்துக் கேள்வி தானாக வரத் தொடங்கினால் கை பழகுகிறது என்று அர்த்தம்.

லண்டன் ஆம்புலன்ஸ் அமைப்பின் தோல்வி பற்றிய விசாரணை அறிக்கை 1993-இல் வெளியானது. இப்போதும் படிக்கக் கிடைக்கிறது. "நான் அங்கே அனலிஸ்ட்டாக இருந்திருந்தால் யாரிடம், என்ன கேட்டிருப்பேன்?" என்று குறிப்பெடுத்துக்கொண்டே படித்தால், பல வீடியோக்களால் கிடைக்காத பாடம் அதில் இருக்கிறது.

இந்த வழியின் பலவீனம் தனிமை. இப்போது பலர் செயற்கை நுண்ணறிவு உரையாடியை வாடிக்கையாளராக நடிக்கச் சொல்லிப் பயிற்சி செய்கிறார்கள். கேள்வி கேட்கக் கூச்சம் போவதற்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது கேட்டதற்கெல்லாம் கோர்வையாகப் பதில் சொல்லும். நிஜ மனிதர் திங்கட்கிழமை ஒன்று சொல்வார், புதன்கிழமை இன்னொன்று சொல்வார். பக்கத்து மேசைக்காரர் இரண்டையும் மறுப்பார். அந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுப்பதுதான் இந்த வேலை. தனியறையில் அது பழகாது.

யாருக்குப் பொருந்தும்: இந்தத் துறை தனக்குப் பிடிக்குமா என்று இன்னும் உறுதியாகத் தெரியாதவர்களுக்கு. எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் ஆறு வாரத்தை இதற்குக் கொடுங்கள்.

## சான்றிதழ்த் தேர்வு

அதிகக் குழப்பம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்காக 2003-இல் கனடாவில் தொடங்கப்பட்ட ஐ.ஐ.பி.ஏ. அமைப்பு மூன்று படிகளில் சான்றிதழ் தருகிறது. முதல் படியான இ.சி.பி.ஏ.-வுக்கு முன் அனுபவம் தேவையில்லை. நடுப்படியான சி.சி.பி.ஏ.-வுக்குக் கடந்த 7 ஆண்டுகளில் 3,750 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். மேல்படியான சி.பி.ஏ.பி.-க்குக் கடந்த 10 ஆண்டுகளில் 7,500 மணி நேரம். முழுநேர வேலையாகக் கணக்குப் போட்டால் இவை ஏறக்குறைய 2 ஆண்டும் 4 ஆண்டும். "நேரே சி.பி.ஏ.பி. எழுதிவிடலாமா?" என்று புதியவர்கள் கேட்கிறார்கள், முடியாது.

இந்த மூன்றுக்கும் அடிப்படை, பாபாக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கையேடு. அதன் மூன்றாம் பதிப்பு 2015-இல் வந்தது. துறையை ஆறு அறிவுப் பகுதிகளாகப் பிரித்து, 50 உத்திகளை விளக்குகிறது. மாற்றம், தேவை, தீர்வு, ஸ்டேக்ஹோல்டர் (அந்த மாற்றத்தோடு தொடர்புள்ளவர்), மதிப்பு, சூழல் என்ற ஆறு கருத்துகளைச் சுற்றி எல்லாவற்றையும் அடுக்குகிறது. அகராதி போல வேண்டும்போது புரட்ட அருமையான நூல். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தால் தூக்கம் வரும். அனுபவம் உள்ளவர் படிக்கும்போது, "நான் செய்துகொண்டிருப்பதற்கு இதுதான் பெயரா!" என்று பளிச்சிடும். அனுபவம் இல்லாதவருக்கு அது வெறும் பெயர்ப் பட்டியலாகவே நிற்கும்.

ஐ.ஆர்.இ.பி. தரும் சி.பி.ஆர்.இ. சான்றிதழின் அடிப்படை நிலைக்கு அனுபவ நிபந்தனை இல்லை, ஒருமுறை வாங்கினால் காலாவதியும் ஆகாது. சிறியது, கூர்மையானது. தேவைகளை எப்படி எழுதுவது, எப்படிச் சோதிப்பது என்பதிலேயே கவனம் வைக்கிறது. மென்பொருள் அமைப்புகளைத்தான் குறிவைக்கிறீர்கள் என்றால் தொடக்கக்காரருக்கு என் தேர்வு இதுதான். ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.ஐ. அமைப்பு 2014-இல் கொண்டுவந்த பி.எம்.ஐ.-பி.பி.ஏ. சான்றிதழ், ஏற்கெனவே ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் இருப்பவர்களுக்கு வசதி. பிரிட்டனின் கணினித் துறை அமைப்பான பி.சி.எஸ். வழங்கும் டிப்ளமோவில் வாய்மொழித் தேர்வும் உண்டு. நேரில் கேள்வி கேட்டு ஆழம் பார்ப்பது பெரும்பாலான சான்றிதழ்களில் இல்லாத நல்ல அம்சம்.

செலவுக்கு வருவோம். தேர்வுக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடாதீர்கள். விண்ணப்பக் கட்டணம், உறுப்பினர் கட்டணம், தோற்றால் மறுதேர்வுக் கட்டணம், சில நிலைகளுக்குக் கட்டாயப் பயிற்சி மணி நேரங்கள் எனச் சேர்ந்துகொண்டே போகும். சி.பி.ஏ.பி.-ஐ 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் 60 சேர்க்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்த அமைப்பின் பக்கத்திலேயே ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு செலவு கணக்கில் வராது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்துக்கு மூளை மாறிவிடும். வேலையில் விடைகள் அச்சடித்து வருவதில்லை. கேள்வியையே நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதிப்பெண் நன்றாக வாங்கிய ஒருவரிடம் நூலகத் தவணை உதாரணத்தைக் கொடுத்தேன். எந்த உத்தியைப் பயன்படுத்துவேன் என்று அழகாகச் சொன்னார். கேள்விகள் என்று இரண்டுதான் வந்தன.

யாருக்குப் பொருந்தும்: ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டு பதவிப் பெயர் மட்டும் இல்லாதவர்களுக்கு, சான்றிதழைத் தகுதியாகவே கேட்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் ஒப்பந்தப் பணிகளுக்கும் போகிறவர்களுக்கு, வேறு நாட்டுக்கோ வேறு துறைக்கோ மாறும்போது, தன்னைத் தெரியாதவர்களிடம் ஓர் அடையாளம் காட்ட வேண்டியவர்களுக்கு.

## பயிற்சி வகுப்பு

நல்லது மிக நல்லது, மோசமானது படுமோசம். இந்த வித்தியாசம் விளம்பரத்தில் தெரியாது. பணம் கட்டுவதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்: நான் எழுதும் எத்தனை ஆவணங்களை ஆசிரியர் திருத்துவார்? திருத்திய பழைய மாதிரி ஒன்றைக் காட்ட முடியுமா? ஸ்டேக்ஹோல்டராக நடிப்பவர் யார், ஆசிரியரா, சக மாணவரா? ஆசிரியர் கடைசியாக நிஜத் திட்டத்தில் வேலை செய்தது எப்போது? "வேலை உறுதி" என்றால் எழுத்தில் என்ன இருக்கிறது?

முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் சேரலாம். மழுப்பினால் அது கட்டணம் வாங்கும் வீடியோத் தொகுப்பு, சுயபடிப்பே போதும்.

நேர்காணல் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஒரே வகுப்பில் படித்த மூன்று பேர் அதே இணையக் கடை ஆவணத்தைக் கொண்டுவந்தார்கள். தலைப்புகள், படங்கள், ஒரு எழுத்துப்பிழை உட்பட எல்லாம் ஒன்று. அவர்களில் ஒருவர் நிஜமாகவே உழைத்தவர் என்பது பேசியபோதுதான் தெரிந்தது. அந்த ஆவணம் அவருக்கு உதவுவதற்குப் பதில் பாரமாகிவிட்டது. வகுப்பில் சேர்ந்தால் திட்டத்தை மட்டும் சொந்தமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். உறவினர் நடத்தும் கடையின் சரக்குக் கணக்கோ, நீங்கள் இருக்கும் சங்கத்தின் உறுப்பினர் பதிவோ எதுவானாலும் சரி.

யாருக்குப் பொருந்தும்: தனியாகப் படிக்க உட்கார்ந்தால் நழுவிப் போகிறவர்களுக்கு, கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குபவர்களுக்கு. தயக்கத்தை உடைக்க, உடன் பயிலும் நான்கு பேர் முன்னால் பத்து முறை சொதப்புவதை விட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

## பட்டப்படிப்பு

இதை மட்டும் நோக்கமாக வைத்துப் பட்ட மேற்படிப்பில் சேருவதை நான் ஊக்குவிப்பதில்லை. தகவல் அமைப்புகள், மேலாண்மை போன்ற படிப்புகள் ஆழமானவைதான். நிதி, தரவு, நிறுவன அமைப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் அதில் தேவைகளை எழுதும் பயிற்சி சில பாடங்களோடு முடியும். இன்னும் பட்டமே இல்லாதவர், துறையை முழுதாக மாற்றுபவர், விசாவுக்கோ பதவி உயர்வுக்கோ பட்டம் கட்டாயமாகத் தேவைப்படுபவர் ஆகியோருக்கு இது நியாயமான தேர்வு. மற்றவர்கள் கட்டணத்தோடு இழக்கும் சம்பளத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## இருக்கும் வேலையிலிருந்து நகர்வது

என் வழி. எனக்குத் தெரிந்த நல்ல அனலிஸ்ட்டுகள் பலர் வந்த வழியும் இதுதான்.

எந்த இருக்கையிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து பலமும் பள்ளமும் மாறும். டெஸ்டருக்கு "இப்படி ஆனால்?" என்று கேட்பது ஊறிப்போன பழக்கம். ஆனால் கட்டி முடித்த அமைப்பையே பார்த்துப் பழகியதால், இது கட்டப்பட வேண்டுமா என்ற கேள்வி சீக்கிரம் வராது. விடுப்பு விண்ணப்பத்தில் நான் தவறியது, டெஸ்டரின் அந்தப் பழக்கத்தையும் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்ததால்தான். சப்போர்ட்டில் இருப்பவருக்குப் பயனர் எங்கே தடுமாறுகிறார் என்பது அத்துபடி. ஆனால் சத்தமாகக் குறை சொல்பவரின் தேவையை எல்லாருடைய தேவையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. டெவலப்பர் எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் மனதில் தரவுத்தள அட்டவணையை வடிவமைத்துவிடுவார். அவர் கற்க வேண்டியது காத்திருப்பதை. கணக்குப் பிரிவு, கிடங்கு, மருத்துவமனை நிர்வாகம் போன்ற இடங்களிலிருந்து வருபவருக்குத் தொழில் தெரியும், சொற்கள் தெரியும். தரவும் மென்பொருள் எப்படி உருவாகிறது என்பதும் கற்றுக்கொண்டால் அவர் மற்ற எல்லாரையும் விட வேகமாக முன்னேறுவார்.

தொடங்குவதற்குப் பதவி தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் குறிப்பெடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். முடிவுகள், திறந்த கேள்விகள், யார் எப்போது பதில் தர வேண்டும் என்று அன்றே அனுப்புங்கள். இரண்டாவது, வரும் ஸ்பிரின்ட்டில் (குழு வேலையைப் பிரித்துச் செய்யும் குறுகிய சுற்று) ஒரே ஒரு ஸ்டோரிக்கு ஏற்புநிலை விதிகளை நீங்கள் எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். மூன்றாவது, எல்லாரும் பயன்படுத்தும், யாரும் முழுதாக வரைந்திராத ஒரு வேலைமுறையை ஒரு பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். "இல்லை, இந்த இடத்தில் நாங்கள் அப்படிச் செய்வதில்லை" என்று யாராவது பேனாவை எடுத்தால் வேலை ஆரம்பித்துவிட்டது.

மறைந்த செலவுகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பழைய வேலையும் புதிய வேலையும் ஒரே சம்பளத்தில் தலையில் விழும். அது ஆறு மாதம் தாண்டினால் மேலாளரிடம் நேராகப் பேசுங்கள்: எந்தத் தேதியில் மாற்றம், என்ன பதவி என்று. இன்னொன்று, ஓர் இடத்தில் மட்டும் கற்றவர் அந்த இடத்தின் கெட்ட பழக்கங்களையும் சேர்த்துக் கற்பார். எங்கள் குழுவில் எல்லாத் தேவையும் "முக்கியம்" என்றே குறிக்கப்பட்டது. அதுதான் நடைமுறை என்று இரண்டு ஆண்டுகள் நம்பியிருந்தேன். கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று பிரிக்கும் மாஸ்கோ முறை (அந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளால் வந்த பெயர்) 1990-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது என்பது வெளியே படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

யாருக்குப் பொருந்தும்: மென்பொருள் உருவாக்கும் அல்லது பயன்படுத்தும் எந்த நிறுவனத்திலும் இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு. வேலை இல்லாதவருக்கு இந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது. ஆனால் டெஸ்டிங், சப்போர்ட் போன்ற வேலையில் முதலில் நுழைவதையும் இந்த வழியின் ஒரு பகுதியாகவே நினையுங்கள்.

## இரண்டை இணைப்பது

ஒன்றை மட்டும் தேர்ந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. வேலையில் இருப்பவருக்கு: வேலைக்குள்ளேயே நகர்வது, மாலையில் சுயபடிப்பு, ஈராண்டு கழித்து சி.சி.பி.ஏ. தேர்வு. கல்லூரிப் படிப்பை முடித்து வேலை தேடுபவருக்கு: ஆறு வாரச் சுயபடிப்பு, சொந்தமாகத் தேர்ந்த ஒரு திட்டம், சி.பி.ஆர்.இ. அடிப்படை நிலை, பிறகு எந்த இருக்கை கிடைத்தாலும் உள்ளே நுழைவது. இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்புபவருக்கு: திருத்தித் தரும் வகுப்பு ஒன்று, அதோடு முன்பு வேலை செய்த துறையையே பிடித்துக்கொள்வது. பழைய துறை அறிவை யாரும் தூக்கிப்போட வேண்டாம்.

இன்னும் தடுமாற்றமாக இருந்தால், பணம் எதுவும் கட்டாமல் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். மென்பொருள் ஏதாவது ஒன்றை வைத்து வேலை செய்யும், தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். அவருடைய வேலையில் அதிகம் சிக்கும் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதுங்கள், ஒரு படம் வரையுங்கள். மறுபடி அவரிடம் போய் வாசித்துக் காட்டி, அவர் எத்தனை இடத்தில் குறுக்கிட்டுத் திருத்துகிறார் என்று எண்ணுங்கள். கேட்கவே கூச்சமாக இருந்தது என்றால் வகுப்பைப் பாருங்கள். கேட்டது சரி, எழுத வரவில்லை என்றால் சுயபடிப்பும் சி.பி.ஆர்.இ. பாடத்திட்டமும் உதவும். இரண்டும் வந்து, அவர் திருத்தும்போது உங்களுக்கு உற்சாகமாக இருந்தது என்றால், நாளைக்கே உங்கள் மேலாளரிடம் அந்தக் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பைக் கேளுங்கள்.